பேராற்றில் பரிசல்

மனிதன் முதன்முதலாகச் செய்துகொண்ட ஊர்தி வண்டியா, ஓடமா என்று கேட்டால், நம்மில் பலர் வண்டி என்றே விடை கூறுவோம். ஆனால் ஓடமே மூத்தது. சக்கரம் தோன்றி ஏறத்தாழ 5,500 ஆண்டுகளே ஆகின்றன. ஹாலந்து நாட்டில் பெஸ்ஸ என்னும் சிற்றூருக்கு அருகே, 1955-ஆம் ஆண்டில் சாலை அமைப்பதற்காக மண்ணைத் தோண்டியபோது, ஒரே மரத்தைக் குடைந்து செய்த சிறு தோணி ஒன்று கிடைத்தது. அதன் வயது ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் என்று ஆராய்ச்சியாளர் கணித்திருக்கின்றனர். நிலத்தில் உருளக் கற்பதற்கு நெடுங்காலம் முன்பே மனிதன் நீரில் மிதக்கக் கற்றுவிட்டான்.

அப்படிக் கற்றவர்களுள் வட அமெரிக்காவின் பழங்குடி மக்கள் சிறப்பாகக் குறிப்பிடத் தக்கவர்கள். கனடா நாட்டின் வடபகுதியில் ஏரிகளும் ஆறுகளும் வலைக்கண்கள் போலப் பின்னிக் கிடக்கின்றன. காடு அடர்ந்த அந்நிலத்தில் நீரே நெடுஞ்சாலை. அம்மக்கள் பிர்ச் என்னும் மரத்தின் பட்டையை உரித்து, மெல்லிய மரச் சட்டங்களின்மேல் போர்த்தி, மரப்பிசினால் மூட்டுகளை அடைத்து, ஒருவரே தோளில் சுமக்கக்கூடிய எடையில் வள்ளங்கள் செய்தனர். பின்னர் மென்மயிர்த் தோல் வாணிகம் செய்த பிரெஞ்சுக்காரர்கள் அதே முறையில் 36 அடி நீளமுள்ள பெரிய வள்ளங்களைக் கட்டிக்கொண்டு, மான்றியால் நகரத்திலிருந்து சுப்பீரியர் என்னும் பேரேரி வரையில் சரக்கு ஏற்றிச் சென்றனர்.

மழையிலும் காற்றிலும் நடந்த அப்பயணங்களில் இரண்டு வழக்கங்கள் உண்டு. அருவியோ பாறையோ குறுக்கிட்டால், வள்ளத்தைக் கரையேற்றித் தோளில் சுமந்து, அபாயமான இடத்தைக் கடந்த பிறகே மீண்டும் நீரில் இடுவார்கள். அவ்வேளையில் ஒவ்வொரு துடுப்புக்காரனும் 90 ராத்தல் எடையுள்ள பொதிகளை இரண்டிரண்டாக முதுகில் சுமப்பான். மற்றொன்று, பேரேரியில் காற்று எழுந்தால் கரையிலேயே தங்கிவிடுவது. பகலில் காற்று வலுக்குமாதலால், வைகறை இருளிலேயே புறப்பட்டுச் செல்வார்கள். புயல் அடித்தால் நாள்கணக்காகக் காத்திருப்பார்கள். அஞ்சாத வலியர் என்று பெயர் பெற்ற அம்மனிதர்களின் பயணத்தில், சுமப்பதும் காத்திருப்பதும் துடுப்புப் போடுவதற்கு ஒப்பான வேலைகளாகவே இருந்தன. இதனை நினைவிற் கொள்ளுங்கள். நம் காவிரிக்கு வரும்போது இது பயன்படும்.

காவிரியின் பழைய ஊர்தி பரிசல். மூங்கிலைப் பிளந்து, பெரிய தட்டுக்கூடை போல வட்டமாகப் பின்னி, வெளிப்புறத்தில் மாட்டுத்தோலைப் போர்த்திச் செய்வது பழைய முறை. தோல் நீரில் ஊறி நைந்துவிடாதபடி, வேலை முடிந்ததும் பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்து உலர்த்துவார்கள். பிற்காலத்தில் தோலுக்குப் பதிலாகத் தார் பூசிய துணியும், பிளாஸ்டிக் விரிப்பும் வந்தன. இப்போது கண்ணாடி நாரிழையில் வார்த்த பரிசல்களும் உள்ளன. பொருள் மாறினும் வடிவம் மாறவில்லை.

இவ்வடிவம் மிகப் பழையது. பல நாடுகளுக்கும் பொதுவானது. யூப்ரடீஸ் ஆற்றின் வழியாகப் பாபிலோன் நகருக்கு வணிகர்கள் வட்டமான தோல் ஓடங்களில் வந்ததை, கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஒவ்வோர் ஓடத்திலும் ஒரு கழுதை இருக்குமாம். சரக்கை விற்ற பிறகு, ஓடத்தின் சட்டத்தையும் அங்கேயே விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதையின் முதுகில் ஏற்றிக்கொண்டு நிலவழியே ஊர் திரும்புவார்களாம். நீரோட்டத்தை எதிர்த்து அவ்வோடத்தைச் செலுத்த இயலாது என்பதே காரணம். சுமார் 1520-ஆம் ஆண்டில் விஜயநகரத்தைக் கண்ட டொமிங்கோ பாயஸ் என்ற போர்ச்சுகீசியர், துங்கபத்திரையில் கூடை போன்ற ஓடங்கள் சுழன்றபடியே ஆட்களையும் குதிரைகளையும் அக்கரை சேர்த்த காட்சியை வியந்து குறித்திருக்கிறார். 1803-ஆம் ஆண்டில் தக்காணப் போரை நடத்திய ஆர்தர் வெல்லெஸ்லி, தம் படை ஆறுகளைக் கடப்பதற்குக் கூடைப் பரிசல்களையே செய்வித்தார். சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியப் பரிசல்களைத் தனியாகவே ஆராய்ந்து எழுதினார்.

வட்ட வடிவத்தின் பயன் யாது? பரிசலுக்கு முன்புறமும் இல்லை, பின்புறமும் இல்லை. அடிப்பகுதி தட்டையாதலால் முழங்காலளவு நீரிலும் மிதக்கும். மூங்கில் வளைந்து கொடுக்கும். ஆதலால் பாறையில் மோதினால் உடனே உடைந்துவிடாமல் வழுக்கிக்கொண்டு போகும். இவை அதன் பலம். ஆனால் நேர்வழியே செல்லும் இயல்பு அதற்குக் கிடையாது. ஒரு பக்கத்தில் மட்டும் துடுப்பை வலித்தால் அது இருந்த இடத்திலேயே சுழலும். ஆகவே ஓட்டுபவர் தமக்கு முன்னுள்ள நீரைத் துடுப்பால் மாறிமாறித் தம்மை நோக்கி இழுத்தே அதை நடத்துகிறார். அடியில் நீரைப் பற்றிக்கொள்ளும் முதுகெலும்பு போன்ற கட்டை இல்லாமையால், காற்று அடித்தால் சருகு போல ஒதுங்கும். காற்றே பரிசலின் பெரும் பகை.

நேயர்களே, மனக்கண்ணால் ஒரு பரிசலில் ஏறிக் காவிரியின் வழியே வருவோம். தருமபுரி மாவட்டத்தில் ஒகேனக்கல் நம் புறப்பாட்டு இடமாகட்டும். புகையும் பாறை என்று பொருள்படும் கன்னடப் பெயர் அது. அருவி விழும் இடத்தில் நீர்த்துளிகள் புகை போல எழுவதால் அப்பெயர் ஏற்பட்டது. இருபுறமும் காடு, நடுவே செங்குத்தான கற்சுவர்கள், அவற்றினிடையே கறுத்து ஓடும் ஆறு. இங்கே பரிசல் ஓட்டுபவர் கையை நம்புவதைவிடக் கண்ணையே மிகுதியும் நம்புகிறார். நீர்ப்பரப்பு அவருக்கு ஏடு. இரண்டு அலைக்கோடுகள் கீழ்நோக்கிச் சென்று ஒன்றுகூடினால், அவற்றின் நடுவே வழி உண்டு. ஒரு புள்ளியிலிருந்து கீழ்நோக்கி இரண்டு கோடுகள் விரிந்து சென்றால், அப்புள்ளியில் நீருக்குள் பாறை மறைந்திருக்கிறது. பெரிய பாறையின் பின்புறத்தில் நீர் திரும்பி மேல்நோக்கி ஓடும்; அதன் ஓரம் சற்று இளைப்பாறவும் உதவும், கவனம் தவறினால் கவிழ்க்கவும் செய்யும்.

ஒகேனக்கல்லைக் கடந்து மலைகளினூடே வந்தால், ஆறு அகன்று ஏரியாகிவிடுகிறது. 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கம் அது. நிறைந்த காலத்தில் அதன் பரப்பு ஏறத்தாழ 153 சதுர கிலோமீட்டர். அணை எழுந்தபோது நீருக்குள் ஆழ்ந்த ஊர்களின் அடையாளமாக, நீர்மட்டம் தாழும் காலங்களில் பண்ணவாடியில் பழைய நந்தியும் கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தலைகாட்டும். ஆற்றில் நீரோட்டத்தைக் கண்டு அஞ்சியவன், இங்கே காற்றைக் கண்டு அஞ்ச வேண்டும். தடையில்லாத நீர்ப்பரப்பில் காற்று எவ்வளவு தொலைவு ஓடி வருகிறதோ அவ்வளவுக்கு அலை உயரும். ஆகவே அறிந்தவர்கள் காற்று புறப்பட்டு வரும் பக்கத்துக் கரையை ஒட்டியே செல்லுவார்கள். அங்கே அலை சிறிதாக இருக்கும். நடு ஏரியை வெட்டிச் செல்லும் வழி குறுகியதுதான். ஆயினும் நடுவே காற்று எழுந்தால் ஒதுங்க இடமில்லை. கனடாவின் பேரேரியில் பிரெஞ்சு வள்ளக்காரன் கற்ற பாடமும், மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கும் பரிசல்காரர் கற்ற பாடமும் ஒன்றே.

அணைக்கு வந்ததும் பரிசலைச் சுமந்துதான் இறங்க வேண்டும். அதற்குக் கீழேயும் மின்சாரத்திற்காகக் கட்டிய கதவணைகள் நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை முதலிய இடங்களில் குறுக்கிடுகின்றன. பவானியில் ஒரு துணையாறு சேர்கிறது. கரூருக்கு அருகே அமராவதி சேர்கிறது. மாயனூரைத் தாண்டியபின் ஆறு அகன்று விரிந்து, அகண்ட காவிரி என்னும் பெயருக்கு ஏற்ப நடக்கிறது. குளித்தலையும் முசிறியும் எதிரெதிர்க் கரைகளில் நிற்கின்றன. திருப்பராய்த்துறையைக் கடந்தால் முக்கொம்பு. இனி நாம் திருச்சிராப்பள்ளி வட்டாரத்துக்கு வந்துவிட்டோம்.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடபால் கொள்ளிடம், தென்பால் காவிரி. இரண்டுக்கும் நடுவே திருவரங்கமும் திருவானைக்காவும் அமைந்த தீவு. கிழக்கே கல்லணையில் இரண்டு ஆறுகளும் மீண்டும் நெருங்கி வருகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. அதன் வழி குறுகியது. நீர் எப்போதும் தாழ்ந்த வழியையே நாடுமாதலால், தடுப்பு இல்லையேல் காவிரியின் நீர் கொள்ளிடத்தில் பாய்ந்து வீணே கடலுக்குப் போய்விடும். அதைத் தடுக்கக் கரிகாலன் கட்டியதாக வழங்குவது கல்லணை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடம் மேலும் ஆழமாகி, காவிரி மணல் மேடிட்டபோது, ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் 1836-ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். தஞ்சை வயல்களுக்கு இவ்வணைகள் உயிர். படகில் வருபவனுக்கோ இவையே மிகப் பெரிய அபாயம். அணையின்மேல் வழிந்து விழும் நீர் அடியில் பாய்ந்து, மேற்பரப்பில் திரும்பி அணையை நோக்கியே உருளும். அதில் அகப்பட்ட மரக்கட்டைகூட வெளியேற முடியாமல் புரண்டுகொண்டே கிடக்கும். நீச்சல் வல்லவனுக்கும் அங்கே கட்டையின் கதிதான்.

திருச்சிராப்பள்ளியில் வெள்ளத்திற்கு வேறொரு விந்தையும் உண்டு. ஆடி மாதத்தில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் நின்று பாருங்கள். வானத்தில் கருமேகம் இராது, வெயில் காயும், ஆறோ கரை கொள்ளாமல் ஓடும். அது இங்கே பெய்த மழையன்று. குடகு மலையில் தென்மேற்குப் பருவக்காற்று பொழிந்த மழை. மேட்டூரில் திறந்த நீர் இங்கே வந்து கல்லணையை அடைய மூன்று, நான்கு நாட்கள் ஆகின்றன. ஆகவே வானத்தைப் பார்த்து ஆற்றின் நிலையைக் கணிப்பவன் ஏமாறுவான். காலையில் கணுக்காலளவு இருந்த இடம் மாலையில் ஆள் ஆழமாகலாம். நீர் செந்நிறமாக மாறுவதும், நுரையும் சருகும் முறிந்த கிளைகளும் மிதந்து வருவதும் பெருக்கின் தூதர்கள். கரையோரத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்துச் சிறிது நேரம் பார்த்தாலே நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

அதே மாதத்தில் பாலக்காட்டுக் கணவாயின் வழியாக நுழையும் மேல்காற்று, கோவை, கரூர்ச் சமவெளிகளைக் கடந்து இங்கே வந்து வீசுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி இந்தப் பகுதியினருக்கு மிகைமொழியாகத் தோன்றாது. ஆறும் கிழக்கே ஓடுகிறது. காற்றும் கிழக்கே தள்ளுகிறது. கீழ்நோக்கிச் செல்பவன் தன் திறமையால் விரைந்து செல்வதாக எண்ணிக்கொள்வான். திரும்பும்போதுதான் அவன் பெற்றது கடன் என்பது விளங்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நிலைமை தலைகீழாகும். அப்போது வடகிழக்குக் காற்று, ஓடும் நீரை எதிர்த்து வீசும். நீரும் காற்றும் எதிரெதிராக மோதும்போது அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். பரிசலுக்குள் நீரை வாரி இறைக்கும். மழையும் சேர்ந்துகொண்டால் எதிர்க்கரையும் மலைக்கோட்டையும் கண்ணுக்கு மறைந்துபோகும்.

இந்த இரு பருவங்களும் தரும் வெள்ளங்களை வரலாறு காட்டுகிறது. 1924-ஆம் ஆண்டு ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளம் தென்மேற்குப் பருவத்தின் கொடை. 1977-ஆம் ஆண்டு நவம்பரில் திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த வெள்ளமோ வடகிழக்குப் பருவத்தினது; கோரையாறு போன்ற உள்ளூர் ஆறுகளே அப்போது நகருக்குள் புகுந்தன. அண்மைக் காலத்திலும் ஆறு தன் வலிமையைக் காட்டாமல் இல்லை. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டில், கொள்ளிடத்தின் குறுக்கே 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி வெள்ளத்தில் வீழ்ந்தது. சில நாட்களுக்குள், ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவில், முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போயின.

வெள்ளத்தின் அளவைச் செய்திகளில் கனஅடிக் கணக்கில் சொல்லுகிறார்கள். வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடி என்றால், ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 28 லட்சம் லிட்டர் நீர் ஓரிடத்தைக் கடக்கிறது என்பது பொருள். அதன் எடை ஏறத்தாழ 2,800 டன். மேலும், நீரின் வேகம் இருமடங்கானால், அது ஒரு பொருளைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். இரும்பும் கல்லும் நிற்க முடியாத அவ்விசையின்முன் மனிதனின் கையும் காலும் எம்மாத்திரம்?

அப்படியானால் பாலங்கள் இல்லாத காலத்தில் மக்கள் எவ்வாறு ஆற்றைக் கடந்தனர்? ஆற்றை எதிர்த்து அவர்கள் கடக்கவில்லை. அதன் போக்கை அறிந்து கடந்தனர். எதிர்க்கரையில் இறங்க வேண்டிய துறைக்கு நேராகப் பரிசலை விடமாட்டார்கள். முதலில் கரையோரமாகவே மேல்நோக்கி இழுத்துச் சென்று, அங்கிருந்து சாய்வாகக் கடப்பார்கள்; நீரோட்டம் தானே அவர்களை உரிய துறையில் சேர்க்கும். ஏறியவர்கள் எழுந்து நிற்கக் கூடாது. பாரம் ஒரு பக்கம் சாயக் கூடாது. சொன்ன பேச்சைக் கேளாதவர் எவ்வளவு செல்வராயினும் துறையிலேயே நிற்க வேண்டியதுதான். பெருக்கு மிகுந்த நாளில் பரிசல் துறை மூடப்படும். அக்கரையில் திருமணமே காத்திருந்தாலும் பரிசல் புறப்படாது.

அந்தத் துறைக்காரரின் பெருமையைத் தமிழ் மறக்கவில்லை. கங்கைக் கரையில் இராமனை ஓடமேற்றிய குகனை, நட்பின் வடிவமாகக் கம்பர் படைத்தார். கம்பரின் காவியம் அரங்கேறியது திருவரங்கத்தில் என்பது நெடுநாள் வழக்கு. சுற்றிலும் ஆறு சூழ்ந்த ஒரு தீவில், ஓடமின்றி வெளியேற இயலாத மக்களின் நடுவே, ஓடக்காரனின் பெருமை பாடப்பட்டது என்று எண்ணிப் பார்க்கையில், அப்பகுதிக்குத் தனியான ஒரு பொருத்தம் தோன்றுகிறது.

பாலங்கள் வந்தன, துறைகள் ஓய்ந்தன. திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் இணைக்கும் இன்றைய காவிரிப் பாலம் 1976-இல் திறக்கப்பட்டது. இதற்காக நாம் வருந்த வேண்டுவதில்லை. நோயாளி நள்ளிரவில் மருத்துவமனை சேருகிறார்; மாணவர் மழை நாளிலும் கல்லூரிக்குப் போகிறார். ஆயினும் பாலத்தின் வழியாக ஆற்றைக் கடக்கும் தலைமுறைக்கு ஆறு ஒரு காட்சியாக மட்டும் ஆகிவிட்டது. நிறத்தைக் கண்டு பெருக்கை அறிவதும், அலையைக் கண்டு பாறையை அறிவதும், வளைவின் வெளிப்புறத்தில் நீர் ஆழமாகவும் விரைவாகவும் ஓடும் என்று அறிவதும், வீட்டிலும் இல்லை, பள்ளியிலும் இல்லை. அறிவு போய்விட்டது, ஆறு போகவில்லை. போதாக்குறைக்கு, மணல் அள்ளிய இடங்களில் பெரும் பள்ளங்கள் நீருக்குள் மறைந்து கிடக்கின்றன. முழங்காலளவு நீரில் நடப்பவன் அடுத்த அடியில் மூழ்கிவிடுகிறான். விடுமுறை நாட்களில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் இளைஞர் மூழ்கி இறந்தார் என்ற செய்தியைப் படிக்காத ஆண்டு இல்லை. அவர்களுள் பலர் நீந்தத் தெரிந்தவர்கள். நண்பனைக் காப்பாற்றப் பாய்ந்தவர்களும் உண்டு.

மாணவ நண்பர்களே, நீர்ப்பயணம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. காற்றும் மழையும் நீரும் கற்பிக்கும் பாடத்தை நான்கு சுவர்களுக்குள் கற்க முடியாது. முறையாக நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள். பரிசலில் ஏறும் வாய்ப்புக் கிடைத்தால் மிதவைச் சட்டையை அணிந்துகொண்டே ஏறுங்கள். ஓட்டுபவரின் சொல்லைக் கேளுங்கள். நீர்வரத்து மிகும்போது ஒகேனக்கல்லில் அதிகாரிகள் பரிசல் விடுவதை நிறுத்திவிடுகிறார்கள். அவ்வேளையில் ஏமாற்றத்தோடு முணுமுணுக்காதீர்கள். அது பழைய துறைக்காரர் சொன்ன சொல்லையே இன்றைய அரசு சொல்லுவதாகும். ஒருவர் நீரில் அகப்பட்டால் உடனே குதிக்காமல், கயிறோ, கழியோ, வேட்டியோ, காற்றடைத்த குழாயோ எதையேனும் எறிந்து, கரையில் நின்றபடியே இழுக்கப் பாருங்கள். உரக்கக் கூவி ஆட்களைச் சேருங்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பாட்டிமார் சொல்லுவதைக் கோழையின் பேச்சாக எண்ணி நகைப்பவர் உண்டு. வள்ளுவரோ அஞ்ச வேண்டியதைக் கண்டு ஒதுங்குவதை, அறிவுடைமையைப் பற்றிய அதிகாரத்திலேயே வைத்தார். வடக்கே பனி நாட்டு வள்ளக்காரன் புயலின்முன் மூன்று நாள் கரையில் காத்திருந்தான். தெற்கே நம் பரிசல்காரர் பெருக்கு வடியும்வரை துறையை மூடி வைத்தார். இருவரும் துணிவில்லாதவர் என்று எவரும் சொல்லத் துணியார். புறப்படத் தெரிந்தவன் பாதிப் பயணிதான். நிற்கவும் திரும்பவும் தெரிந்தவனே கரை சேருகிறான்.

அடுத்த முறை காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது, கைப்பிடிச் சுவரின் அருகே சிறிது நேரம் நின்று கீழே பாருங்கள். நீர் என்ன நிறம், காற்று எத்திசை, ஓட்டம் எப்பக்கம் விரைவு என்று உங்களையே கேளுங்கள். ஒரு மாதம் அவ்வாறு பார்த்து வந்தால், முன்பு காட்சியாக மட்டும் இருந்த ஆறு, தன் மொழியில் உங்களோடு பேசத் தொடங்கும்.